செந்தில் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

1

குவாங்சோவில் வாரத்தின் ஆறு நாட்களை எப்படியோ ஓட்டிவிடலாம். பட்டன் விற்கிற கட்டடம், ஜிப் விற்கிற கட்டடம், லேஸ் விற்கிற கட்டடம் என்று ஏறி இறங்கினால் பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு. அன்று என்னை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மனைவி ஊருக்குப் போன் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பையன் கவினுக்குப் பதினான்கு வயது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அறைக்குள் இருப்பான். நண்பர்களிடம் சீனம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், என்னிடம் 'ம்'. அந்த 'ம்' மட்டுமாவது சுத்தமான தமிழ் என்று நானே என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

இந்த வாரம் செந்திலின் நினைவு நாள் வருகிறது. வழக்கமாக இந்தச் சமயத்தில் நான் திருப்பூரில் இருப்பேன். இந்த வருசம் முடியவில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் போலீஸ் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் அப்பா பெயர் முன்னால் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பின்னால் இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் "இதில் குடும்பப் பெயர் எது?" என்று கேட்டாள். குடும்பப் பெயர் என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது, அது என் அப்பா பெயர் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் அப்பாவை வரச் சொல்லுங்கள்" என்றாள். அப்பா போய்ப் பத்து வருசமாகிறது. அதை அவளிடம் சொன்னால் அதற்கும் ஒரு சான்றிதழ் கேட்பாள் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

திருப்பூரில் நல்லூர்ப் பக்கம் போயிருந்தால் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள். 'செந்தில்நாதன் நினைவுப் பொதுச் சொற்பொழிவு: சீனப் பண்பாடும் கல்வியும்.' பக்கத்தில் நெருப்புக் கக்குகிற டிராகன், கீழே பனியன் கம்பெனியின் பெயர். பனியன் கம்பெனிக்காரருக்கு இது எதற்கு என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். மண்டபத்துக்குப் போக முடியாத வருசத்தில் அதையாவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

2

செந்தில் என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் அப்பா நாச்சிமுத்து அய்யாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளகோவில் பக்கம் காடு தோட்டம் வைத்திருந்த குடும்பம். மழை பொய்த்த வருசங்களில் திருப்பூருக்கு வந்து, வேலம்பாளையத்தில் நாலு தையல் மெஷினோடு தொடங்கி, பெரிய ஏற்றுமதிக் கம்பெனியாக வளர்ந்தவர். செந்திலின் அம்மா அவன் கல்லூரியில் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மட்டும். இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் ஷிப்மெண்ட்தான்.

பட்டன், ஜிப் எல்லாம் நேரடியாகச் சீனத்திலேயே வாங்கினால் லாபம் என்று மாமா அவனைக் குவாங்சோவுக்கு அனுப்பினார். நான் அப்போது வேறொரு கம்பெனிக்காகச் சீனத்திலேயே வடக்கே நூல் வாங்கும் ஊரில் இருந்தேன். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய தூரம். தீபாவளிக்குப் பார்த்துக்கொள்வோம், மற்றபடி போன்தான்.

ஒரு திங்கட்கிழமை செந்தில் அலுவலகத்துக்கு வரவில்லை. அலுவலகத்து ஆட்கள் போய்க் கதவைத் திறந்து பார்த்தால் படுத்த வாக்கில் போயிருந்தான். தூக்கத்திலேயே இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். முப்பத்தொரு வயது. ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காகிதங்களை நான்தான் அலைந்து வாங்கினேன். சீனத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல இன்னொன்று. மூடி முத்திரை வைத்த பெட்டியோடு நான் ஊர் வந்து சேர்ந்தபோது, திறக்காமல் இருப்பதே நல்லது என்று எல்லோரும் மாமாவைத் தடுத்தார்கள். அவரும் வற்புறுத்தவில்லை. பெட்டி அப்படியே மின்மயானத்துக்குப் போனது. திரும்பி வரும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வெளியே பார்த்தபடியே கேட்டார்:

"அங்க அவனுக்கு ஆருமே இல்லாமயா கண்ணு இருந்தான்?"

எனக்குத் தெரியவில்லை. அவன் எங்கே சாப்பிட்டான், யாரோடு பேசினான், ஒன்றும் தெரியாது. தெரியவில்லை மாமா என்றுதான் சொன்னேன். பொய்யாக இரண்டு பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயில் வரவில்லை.

"ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்குப் போறேனுங்கப்பான்னு ஒருக்கா போன்ல சொன்னான். யாவாரச் சங்கத்துக் கூட்டமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். நாலு பேரத் தெரிஞ்சு வெச்சுக்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். என்ன கூட்டம்னு கேக்கலியே."

மகனுடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

3

வருசத் திதி முடிந்ததும், செந்தில் பெயரில் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் என்றார் ஒருவர். கோயிலில் அன்னதானம், இரத்ததான முகாம், தண்ணீர்த் தொட்டி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூட்டம் போடலாம்" என்றார். "அந்த ஊரப் பத்தி, அந்தச் சனத்தப் பத்தி, அவங்க படிப்பப் பத்தித் தெரிஞ்சவங்க வந்து பேசோணும். யாவாரம் வேண்டாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஒன்று புரியவில்லை என்றால் புத்தகம் தேடமாட்டோம். ஆளை வரவழைத்து மைக் கொடுத்துவிடுவோம். புதுச் சாயமா, ஜெர்மன் மெஷினா, துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையர் போடுகிற புது விதிமுறையா, உடனே ஒரு செமினார், அப்புறம் சாப்பாடு. மாமா நாற்பது வருசமாக எல்லாவற்றையும் இப்படித்தான் கற்றுக்கொண்டார். மகனையும் அப்படித்தான் தெரிந்துகொள்ளப் பார்த்தார்.

முதல் கூட்டத்துக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. ஏற்றுமதிக்கு நாட்டுக்கு நாடு வைத்திருந்த கோட்டா ஒழிந்து, சீனாக்காரன் வந்து நம்மை விழுங்கப் போகிறான் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், பழைய காலத்தில் இங்கே வந்துபோன சீனத் துறவிகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் அழகாகப் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு முதலாளி எழுந்தார்.

"அய்யா பேசுனது ரொம்ப அருமைங்க. ஆனா ஒரு டீசர்ட்ட அந்த ரேட்டுக்கு அவங்களுக்கு எப்படிங்க கட்டுப்படியாகுது?"

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். "நான் சொன்ன துறவிகள் டீசர்ட் போடவில்லை" என்றார். மண்டபமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அவர் வேறு எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருசம் சீனத்துத் தேநீர். பால் இல்லை, சர்க்கரை இல்லை என்றதும் பாதிப் பேர் வெளியே போய்க் கடையில் குடித்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் வருசம் சீனத்துப் பழைய அரசுத் தேர்வுகள். அதற்குள் முதலாளிகள் கழன்றுகொண்டார்கள். கம்பெனி மேனேஜர் ராஜ்குமார், வேலம்பாளையம் யூனிட்டிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். பீகார்ப் பையன்கள் ஒரு பக்கம், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் ஒரு பக்கம். தைத்த துணியில் பழுது பார்க்கிற ஜெபா என்ற செக்கிங் பெண் என்னிடம், "ஏண்ணே, இருக்கது ஒரு லீவு நாளு. துணி தொவைக்கணும்லா? இவங்க பரிச்ச எழுதுனத நாங்க எதுக்கு கேக்கணும்?" என்றாள். நியாயமான கேள்விதான். மத்தியானம் பிரியாணி உண்டு என்றேன். சமாதானமானாள்.

வருகிற பேச்சாளர்களுக்கு மாமா ஜிகினா பொன்னாடை போர்த்துவதில்லை. "அதய வெச்சு என்ன பண்றது? மூஞ்சிகூடத் தொடைக்க முடியாது" என்பார். வெள்ளகோவில் தறியில் நெய்த வெள்ளைத் துண்டு, நல்ல கனமான பருத்தித் துண்டு. மடித்துத் தட்டில் வைத்துத் தன் கையால் கொடுப்பார். பேச்சு முடியும்வரை முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் என்னிடம் ஒரே கேள்விதான்.

"இதுவாட்ட இருக்குமா கண்ணு, அவன் போன கூட்டம்?"

4

செந்தில் போன பிறகு, அவன் பார்த்த வேலையை நீயே பார் என்று மாமா கேட்டதால் நான் குடும்பத்தோடு குவாங்சோவுக்கு மாறியிருந்தேன். இங்கே வந்து இரண்டு வருசத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கூட்டத்தைப் பற்றி எந்தத் துப்பும் கிடைக்கவில்லை. வியாபாரச் சங்கத்தில் விசாரித்தேன், கோயிலில் விசாரித்தேன். இந்தியர் யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தது கவின். பள்ளிக்கூட வேலைக்காக ஒரு சின்ன நூலகத்துக்குப் போக வேண்டும் என்றான். ரோட்டைக் கடக்கத் துணைக்குப் போனேன். அவனுக்குத் துணை தேவையில்லை, எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவன் படித்தான்.

"அப்பா, ஒவ்வொரு சண்டேயும் பழைய புக்ஸ் பத்தி, ஹிஸ்டரி பத்தி லெக்சராம். யாரு வேணா வரலாமாம். ஃப்ரீ."

அந்த மாதத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் அந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். செந்தில் இருந்த குடியிருப்பு அதே தெருவின் கோடியில் இருந்தது.

கூட்டங்களை நடத்துகிற அம்மா ஒருவர் உள்ளே இருந்தார். லியாங் என்று பெயர். ஐம்பது வயது கடந்தவர், நூலக ஊழியர். பர்ஸில் இருந்த செந்திலின் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், பிறகு குனிந்து தன் செருப்பைத் தொட்டுக் காட்டினார்.

"செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்."

பேச்சு நடக்கிற அறைக்குள் செந்தில் செருப்போடு போனதே இல்லையாம். வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வந்து உட்காருவானாம். முதல் இரண்டு வாரம் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, அந்தச் செருப்பை எடுத்துக் காணாமல்போன பொருள்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அவன் வெறுங்காலோடு வந்து சைகையில் கேட்டு வாங்கிப் போனானாம். சொல்லும்போது அந்த அம்மா சிரித்தார். சுத்தத் திருப்பூர் வேலை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

செந்தில் இப்போது எங்கே என்று கேட்டார். சொன்னேன். என் சீனம் பட்டன் வாங்குகிற சீனம், சாவைச் சொல்ல அதில் மரியாதையான வார்த்தை கிடையாது. கவின்தான் எடுத்துக்கொடுத்தான். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். "அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது" என்றார்.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, கூட்டம் கெடச்சிருச்சுங்க. நடத்துறவங்க செந்தில நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்க" என்றேன். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே மாமா சொன்னார்:

"நீ ஒண்ணும் சொல்லாத கண்ணு. அவங்களயே கூட்டிட்டு வா. வந்து சொல்லட்டும்."

5

பனியன் கம்பெனியின் அழைப்புக் கடிதத்தோடு ஒரு நூலக ஊழியர் விசா கேட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். விசா அலுவலகத்தில், என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றும் வாங்கவில்லை, பேசப் போகிறேன் என்றார் லியாங் அம்மா. எதைப் பற்றி? பழைய ஊர் நூல்களைப் பற்றி. அதற்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம்? அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். மூன்று தடவை போய்வந்தோம்.

திருப்பூர் லாட்ஜில் இன்னொரு கூத்து. வெளிநாட்டுக்காரருக்கான படிவத்தில், வந்த நோக்கம் என்ற இடத்தில் வரவேற்பறைப் பையன் 'பையர்' என்று எழுதிவிட்டான். இல்லீங்க தம்பி, சொற்பொழிவு என்றேன். "எல்லாரும் பையர்தானுங்ணா வருவாங்க" என்றான். அப்படியே விட்டுவிட்டேன்.

6

அன்று மண்டபத்தில் பாதிக்கு மேல் வேனில் வந்தவர்கள்தான். மேடையில் மாலை போட்ட செந்தில் படம், குத்துவிளக்கு. நான் மொழிபெயர்க்க மைக்கோடு நின்றேன். ராஜ்குமார் வரவேற்றுப் பேசினான். பிறகு மாமா துண்டு வைத்த தட்டோடு லியாங் அம்மா முன்னால் வந்து நின்றார்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. துண்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"எங்கள் பக்கம் சாவுக்கு வந்தவர்களுக்குத்தான் வெள்ளைத் துண்டு கொடுப்போம். இங்கேயும் அப்படியா? என்னைத் துக்கத்துக்கு வந்தவளாக வைத்திருக்கிறார்களா?"

இத்தனை வருசம் சீனத்தில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. இல்லை, இது மரியாதைக்குக் கொடுப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டு கையாலும் துண்டை வாங்கிக்கொண்டார். செந்தில் படத்துக்கு முன்னால் போய் நின்றார். இடுப்பை வளைத்து, தலை தாழ்த்தி, மூன்று முறை வணங்கினார். மூன்றாவது முறை நிமிர நேரமானது. நிமிர்ந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்தார்.

பின்வரிசையில் ஜெபாவும் மற்றப் பெண்களும் எழுந்து நின்றார்கள். பீகார்ப் பையன்கள் எழுந்தார்கள். பிறகு எல்லோரும் நின்றார்கள். நான்கு வருசமாக அந்தப் படத்துக்கு முன்னால் மாலை போட்டோம், விளக்கேற்றினோம், ஸ்பான்சர்களுக்கு நன்றி சொன்னோம். அந்த மண்டபத்தில் செந்திலுக்காக ஒருவர் அழுதது அன்றைக்குத்தான்.

மாமா இரண்டு கையையும் நீட்டினார். எங்கள் பக்கம் துக்கம் கேட்க வருகிறவர்களிடம் சாவு வீட்டுக்காரர் நீட்டுவது போல. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. கையைத் தொடுங்கள் என்றேன். அவர் தன் கைகளை அதன்மேல் வைத்தார். மாமா விடவில்லை. மைக்கில் விழுகிறதா இல்லையா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை.

"ஏனுங்கம்மா, என்ற பையன் தனியாத்தான் வந்து உக்காந்துட்டுப் போவானுங்களா?"

நான் அதைச் சீனத்தில் சொன்னேன். இந்தக் கேள்விக்கு என் கடைச் சீனமே போதுமானதாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

ஆரம்பத்தில் செந்தில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாகத்தான் வந்து உட்காருவாராம். பேச்சு ஒன்றும் புரியாமல், எல்லோரும் சிரிக்கும்போது கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாராம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவும் அவர் மனைவியும் வழக்கமாக ஜன்னலோரம் உட்காருவார்கள். அவர்கள்தான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பேசுகிறவர் சொல்வதைக் கையால், படம் போட்டுக் காட்டுவார்கள். பேச்சு முடிந்ததும் மூன்று பேரும் நூடுல்ஸ் சாப்பிடப் போவார்கள். செந்திலுக்குக் காரம் போதாது என்று பாட்டி வீட்டிலிருந்தே மிளகாய்ப் பொடி கொண்டுவருவாள். அவர் வரத் தாமதமானால் அவருடைய நாற்காலியில் வேறு யாரும் உட்காராமல் இருக்கத் தாத்தா தன் செய்தித்தாளைப் போட்டுவைப்பார்.

"ஒரு நாள் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தாத்தா குளிர்காலம் முடிகிறவரை செய்தித்தாளைப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, ஊருக்குத் திரும்பிப் போயிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்."

"ஊருக்குத்தானுங்க வந்தான்" என்றார் மாமா.

இதை என்னால் சீனத்தில் சொல்ல முடியவில்லை. வார்த்தை தெரியாமல் இல்லை. லியாங் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தலையசைத்தார்.

மாமா மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையில் தனக்குப் போட்டிருந்த சோபாவுக்குப் போகவில்லை. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெபாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினார். "இனிப் பேசச் சொல்லு கண்ணு" என்றார்.

லியாங் அம்மா பேசினார். சீனத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நூல் உண்டாம். ஆறு, பாலம், பயிர், படித்தவர்கள், நல்லது செய்தவர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். தலைமுறைக்கு ஒரு முறை புதிதாக எழுதுவார்கள். வேறு ஊரிலிருந்து வந்து சில காலம் தங்கியவர்களுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டாம். தங்கினவர் பிறந்த ஊர் எது, தங்கிய இடத்தில் என்ன செய்தார், யாரோடு பழகினார் என்று எழுதுவார்களாம். இப்போதெல்லாம் ஊருக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள், அந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை என்றார். நான் தட்டுத் தடுமாறி மொழிபெயர்த்தேன். ரேட் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

7

மறுநாள் விமானத்துக்காகக் கோவைக்குப் புறப்படுமுன் மாமா வீட்டுக்குப் போனேன். லியாங் அம்மா லாட்ஜிலிருந்து நேராகக் காரில் வருவதாக இருந்தது. மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான்கு வருசத்தில் அவர் முகத்தை அவ்வளவு லேசாகப் பார்த்ததில்லை. அந்தத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டுத் துண்டு வைத்திருந்தார். துண்டு வேண்டாம் மாமா, அங்கே அதற்கு வேறு அர்த்தம் என்றேன். "அட ஆமா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய், அரைத்து வைத்த மிளகாய்ப் பொடி டப்பா ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார்.

"அந்தப் பாட்டிக்குக் குடு. இனி உங்ககிட்டக் காரம் கேட்டு ஆரும் வரமாட்டாங்க, நீங்களே வெச்சுக்கங்கன்னு சொல்லு."

"சொல்றனுங்க மாமா."

"அடுத்த வருசமும் கூட்டம் போடலாம். ஆனா எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. அவனுக்கு ஆளிருந்திருக்குது."

நான் பெட்டியின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு அங்க ஆராச்சும் இருக்காங்களா கண்ணு?"

"ஊட்ல எல்லாரும் இருக்காங்களேங்க மாமா. கவின் இருக்கறான், அவளிருக்கறா."

"அதக் கேக்கலெ. வராட்டி நாற்காலில பேப்பர் போட்டுவெக்க ஆளிருக்குதான்னு கேட்டேன்" என்றார்.

வண்டி வந்து ஹாரன் அடித்தது. பெட்டியை ஏற்றுகிற சாக்கில் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.